நாற்பத்தொன்றாம் பக்கம்

பூந்தமல்லி
3 மார்ச் 2025

வீரா,

மூன்று நாளாக நீ போன் செய்கிறாய், நான் எடுக்கவில்லை. இனியும் எடுக்க மாட்டேன். போனில் விட்டால் நீ பேசியே ஆளைக் கரைத்துவிடுவாய். பள்ளிக்கூடத்தில் ஜன்னல் கண்ணாடியை உடைத்துவிட்டு வாத்தியாரையே வருத்தம் தெரிவிக்க வைத்தவன் நீ. அதனால் இனி எழுத்தில்தான் பேச்சு. நான் கையால் எழுதுகிறேன், மகள் ஷாகிதா படம் பிடித்து மெயிலில் அனுப்புவாள். நீயும் எழுது. சொன்னதை நாளைக்கு மாற்ற முடியாதபடி எழுது.

நேற்று நோன்பு ஆரம்பித்துவிட்டது. வாயில் கெட்ட வார்த்தை வரக் கூடாது, கையிலும் வரக் கூடாது என்கிறாள் மகள். அந்த வகையில் நீ தப்பித்தாய்.

விஷயம் இது. போன வியாழக்கிழமை அம்பத்தூரில் பதினோரு லேத் பட்டறைக்கு ஒரே நாளில் ரிஜிஸ்டர் தபால் வந்திருக்கிறது. அனுப்பியது பம்ப் கம்பெனி. "உங்களுக்குக் கொடுத்த வேலையை எங்கள் அனுமதி இல்லாமல் வேறு பட்டறைகளில் செய்ய வைக்கிறீர்கள். உங்களை ஏன் வெண்டர் பட்டியலிலிருந்து நீக்கக் கூடாது? ஏப்ரல் 16 அன்று நேரில் வந்து விளக்கம் தரவும்." கீழே ஆதாரம் போட்டிருக்கிறார்கள். ஆய்வறிக்கை, பக்கம் 41. அறிக்கையின் முன் அட்டையில் உன் பெயர்.

பட்டியலிலிருந்து எடுத்தால் பதினொன்றும் மூடவேண்டியதுதான். அந்தக் கம்பெனி வேலை ஒன்றை நம்பித்தான் அவை ஓடுகின்றன என்று உனக்கு நன்றாகத் தெரியும். நீயே எழுதியிருக்கிறாய்.

வேலை இப்படிக் கைமாறுவது இருபது வருடமாக எங்களுக்கு மட்டும்தான் தெரியும். வேம்புலியம்மாள் பட்டறையில் ஒரு லேத் படுத்துவிட்டால், பம்புக்குள் போகும் அவளுடைய நானூறு ஸ்லீவ் என் குட்டி யானை வண்டியில், மெஷின் துடைக்க நான் விற்கும் காட்டன் வேஸ்ட் மூட்டைக்கு அடியில் ஏறி, துலுக்கானம் பட்டறைக்குப் போகும். செவ்வாய் போனது வெள்ளி திரும்பி வரும். பில் அவள் பெயரில். அடுத்த மாதம் துலுக்கானத்துக்குக் காய்ச்சல் வந்தால் அவன் வேலை அவளிடம் போகும். அளவு சரியாக இருந்தது, சொன்ன தேதிக்குச் சரக்கு போனது, கம்பெனிக்காரன் அதற்கு மேல் கேட்டதில்லை. நாங்களும் சொன்னதில்லை.

உன்னிடம் சொன்னார்கள். ஏன் சொன்னார்கள்? நான் கூட்டிக்கொண்டு வந்தேன், அதனால்.

நவம்பரில் நீ கொடுத்த கார்டு இன்னும் என் மேஜையில் கிடக்கிறது. "தொழில்நுட்ப மாற்றமும் சமூகமும் குறித்த சுயேச்சையான சர்வதேச ஆலோசனை நிறுவனம்" என்று தமிழிலும் அச்சடித்திருந்தாய். நம் ஊரில் சுயேச்சை என்றால் தேர்தலில் நிற்கிறவன். அவன்கூட ஜெயித்த மறுநாள் எந்தக் கட்சி என்று சொல்லிவிடுவான். நீ இன்னும் சொல்லவில்லை.

இரண்டே கேள்வி. இந்த ஆய்வுக்கு யார் செலவு செய்தது? அந்தப் பக்கம் தப்பு என்று கம்பெனிக்கு எழுதித் தருவாயா, மாட்டாயா?

ஷவுகத் அலி

*

ஜெனீவா
6 மார்ச் 2025

அன்புள்ள ஷவுகத்,

உன் கடிதத்தை அலுவலகத்தில் உட்கார்ந்து படிக்க முடியவில்லை. வெளியே வந்து டிராம் நிறுத்தத்தில் நின்று படித்தேன்.

முதலில் ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்தப் பக்கத்தை நான் குற்றம் சொல்ல எழுதவில்லை. அறிக்கை முழுவதிலும் நான் பெருமைப்பட்டு எழுதிய பக்கம் அது ஒன்றுதான். கம்பெனி எந்திரக் கைகள் வைத்து ஒரு புது வரிசை போடப் பார்க்கிறது. மனிதக் கை படாமல் ஸ்லீவ் வெளியே வரும். அது வந்தால் அம்பத்தூர்ப் பட்டறைகள் என்ன ஆகும் என்பதுதான் ஆய்வின் கேள்வி. அதற்கு நான் என்ன பதில் எழுதினேன் தெரியுமா? இந்தப் பதினொன்றும் தனித்தனிப் பட்டறைகள் அல்ல, உள்ளுக்குள் ஒரே தொழிற்சாலை மாதிரி இயங்குகின்றன, ஒன்று விழுந்தால் இன்னொன்று தாங்கிக்கொள்கிறது, எந்த எந்திர வரிசைக்கும் இந்தத் தாங்கும் சக்தி கிடையாது, ஆகவே எந்திரம் வாங்கும் முன் இவர்களுக்கு நல்ல லேத் வாங்க உதவுங்கள் என்று எழுதினேன். இது பரிந்துரை எண் மூன்று. ஷாகிதாவை விட்டுப் படிக்கச் சொல்.

பரிந்துரையை விட்டுவிட்டு ஆதாரத்தை மட்டும் எடுத்துக்கொண்டு போவார்கள் என்று நான் நினைக்கவில்லை.

யாருடைய பெயரும் அறிக்கையில் இல்லை. பட்டறைகளுக்கு எண்தான் கொடுத்திருக்கிறேன். இதில் நான் மிகக் கவனமாக இருந்தேன்.

செலவு பற்றிக் கேட்டாய். இப்படிப்பட்ட ஆய்வுகளுக்குப் பல தரப்பிலிருந்தும் நிதி வரும். அதனால் முடிவுகள் மாறாது. சுயேச்சை என்பதற்கு எங்களிடம் அதுதான் பொருள்.

அந்தப் பக்கம் தவறு என்று எழுதித் தர என்னால் முடியாது, ஷவுகத். அது உண்மை.

வீட்டில் ஜஹானாராவுக்கு என் சலாம் சொல்.

வீரராகவன்

*

பூந்தமல்லி
12 மார்ச் 2025

வீரா,

சலாம் சொல்லவில்லை. ஜஹானாரா வாங்க மாட்டாள்.

நீ சொன்னபடி ஷாகிதாவை விட்டுப் படித்தேன். தனியாகப் படிக்கவில்லை. சனிக்கிழமை மத்தியானம் வேம்புலியம்மாள் பட்டறையில் மூன்று லேத்தையும் நிறுத்திவிட்டு, பதினோரு பேரையும் உட்கார வைத்து, ஷாகிதா ஒவ்வொரு வரியாக இங்கிலீஷில் படித்துத் தமிழில் சொன்னாள். என்ன எழுதியிருக்கிறாய் என்பது அவர்களுக்கும் தெரிய வேண்டும் இல்லையா?

பெயர் போடவில்லை என்று எழுதினாயே. நீ போட்டிருப்பதை உனக்கே எழுதுகிறேன். "துடைப்புப் பஞ்சு விற்கும் உள்ளூர் வியாபாரி ஒருவரின் சிறிய சரக்கு வாகனம், செவ்வாய், வெள்ளி இரு நாட்களிலும் இந்த வேலைகளைச் சுமந்து செல்கிறது." அம்பத்தூர் எஸ்டேட்டில் செவ்வாயும் வெள்ளியும் காட்டன் வேஸ்ட் போடுகிறவன் எத்தனை பேர், வீரா? பெயரை மறைத்துவிட்டு விலாசத்தை எழுதிவிட்டாய்.

அதற்குக் கீழே படம் வேறு. நடுவில் ஒரு பெரிய வட்டம், அதிலிருந்து பதினோரு கோடு.

துலுக்கானம் கிட்டே வந்து குனிந்து பார்த்தான். "நடுவுல கீற வட்டம் ஆரு பாய்?"

"நான்தான்" என்றேன்.

"தோ பாருடா. படமெல்லாம் போட்டுக்கீறாரு. கம்பெனிக்காரன் வழி கேக்கவே தேவையில்ல, நேரா வந்துகினே இருப்பான்" என்றான். அப்புறம் என் தோளில் தட்டி, "வெளிநாட்டு டிக்கெட்டு எப்போ பாய்? போறப்ப சொல்லிகினு போ" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். திட்டியிருந்தால் தேவலை.

வேம்புலியம்மாள் சிரிக்கவில்லை. "அந்தாளு தோ இந்த ஸ்டூல்லதான் குந்திகினு ரெண்டு டீ குடிச்சாரு. 'உங்கள மாதிரி ஒத்துமை நான் எந்த நாட்டுலயும் பாக்கலக்கா'ன்னாரு. நானும் அவரு கேக்காததெல்லாம் சேத்து சொன்னேன். நம்ம பெரும நம்மளையே பேச வெச்சிடுச்சு பாய்" என்றாள். பிறகு ஷாகிதாவைப் பார்த்து, "அந்த மூணாம் நம்பரு இன்னா, புது லேத்தா? அத்த ஒருவாட்டி திருப்பிப் படி கண்ணு" என்றாள். படித்தாள். "நல்லாத்தான் எய்திக்கீறாரு" என்று சொல்லிவிட்டு எழுந்துபோய் மெஷினை ஓட்ட ஆரம்பித்துவிட்டாள்.

நான் முப்பது வருடமாக வியாபாரம் பண்ணுகிறேன். சைக்கிள் கேரியரில் ஒரு மூட்டையைக் கட்டிக்கொண்டு, பட்டறை பட்டறையாகப் போய் நின்று ஆரம்பித்தவன். சரக்கில் என்னை யாராவது ஏமாற்றினால் அது என் முட்டாள்தனம் என்று போய்விடுவேன். இதில் என்னை மட்டும் ஏமாற்றவில்லை. என் வார்த்தையை வாங்கிக்கொண்டுபோய் பதினோரு பேரை ஏமாற்றிவிட்டாய். பக்கம் உண்மை என்கிறாய். உண்மைதான். என் வீட்டுச் சாவி எங்கே இருக்கிறது என்பதும் உண்மைதான். அதை எழுதி ஊருக்குக் கொடுப்பாயா?

"பல தரப்பு" என்ற பதில் எனக்கு வேண்டாம். அந்தப் பம்ப் கம்பெனி செலவு செய்ததா? அது உனக்கு எப்போது தெரியும்? தேதி போட்டு எழுது.

ஷவுகத்

*

ஜெனீவா
18 மார்ச் 2025

ஷவுகத்,

தேதி போட்டு எழுதுகிறேன்.

ஆய்வுச் செலவில் பாதிக்கு மேல் அந்தக் கம்பெனியுடையது. நவம்பரில் நான் முதல்முறை வந்தபோது ஒரு அறக்கட்டளையின் பணம் மட்டும்தான் இருந்தது. டிசம்பர் 9 அன்று கம்பெனி சேர்ந்தது. டிசம்பர் 17 அன்று நான் இரண்டாம் முறை வந்தேன். வேம்புலியம்மாள் எல்லாவற்றையும் சொன்னது அன்றைக்குத்தான். அவர் சொல்லும்போது எனக்குத் தெரியும்.

உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும். வேலப்பன்சாவடியில் நீ எனக்குப் பிரியாணி வாங்கிக் கொடுத்தாயே, அப்போது சொல்ல வாயெடுத்தேன். "உன்ன கூட்டினு வந்ததுல எனக்குப் பெரும மச்சான்" என்றாய். அப்புறம் சொல்ல முடியவில்லை. சொன்னால் நீ மறுநாள் எந்தப் பட்டறைக்கும் கூட்டிப்போக மாட்டாய் என்பதும் உள்ளே ஒரு ஓரத்தில் ஓடியது. அதையும் மறைக்க விரும்பவில்லை.

ஆனால் நான் நினைத்தது இதுதான்: கம்பெனியே செலவு செய்தால் கம்பெனியே படிக்கும். வேறு எவன் எழுதினாலும் அலமாரிக்குப் போகும். நான் எழுதினால் பட்டறைகளுக்கு நல்லது நடக்கும்.

இப்போது இன்னொரு சிக்கல். உன் உதவி தேவைப்படுகிறது. நோட்டீஸ் விவகாரம் இங்கே தெரிந்துவிட்டது. அறிக்கையைத் திரும்பவும் சோதிக்க ஒரு குழு போட்டிருக்கிறார்கள். ஆய்வில் பேசியவர்கள் ஒவ்வொருவரும் கையெழுத்திட்ட சம்மதப் படிவங்களை ஏப்ரல் 10-க்குள் கேட்கிறார்கள். என்னிடம் ஒன்றுகூட இல்லை. காரணம் உனக்குத் தெரியும்.

இத்துடன் படிவம் இணைத்திருக்கிறேன். பதினோரு கையெழுத்து மட்டும் வாங்கி அனுப்பு. தேதி டிசம்பர் 17 என்று இருக்கட்டும். படிவங்கள் வந்துவிட்டால் குழுவில் என் குரல் நிற்கும். பட்டறைகள் மீது நடவடிக்கை வேண்டாம் என்று நிறுவனத்தின் பெயரிலேயே கம்பெனிக்கு ஒரு குறிப்பு எழுத வைப்பேன். இதை நான் உனக்கு உறுதியாகச் சொல்கிறேன்.

வீரா

*

பூந்தமல்லி
24 மார்ச் 2025

வீரா,

படிவம் வந்தது. பதினொன்று அச்செடுத்து வைத்திருக்கிறேன். இன்னும் யாரிடமும் கையெழுத்து வாங்கவில்லை. வேம்புலியம்மாளிடம் மட்டும் காட்டினேன்.

அதற்கு முன் என் பங்குக் குற்றத்தை நானே எழுதிவிடுகிறேன், நீ எழுத வேண்டாம். முதல் நாள் மண்ணூர்பேட்டைப் பக்கம் வண்டியை நிறுத்தியதும் நீ பையிலிருந்து இந்தப் படிவக் கட்டை எடுத்தாய். "உள்ள வெய்யி" என்றேன். எங்கள் ஆட்கள் கையெழுத்துப் போட்டதெல்லாம் பேங்க் லோனுக்கும் அடமானப் பத்திரத்துக்கும்தான். காகிதத்தை நீட்டினால் வாயை மூடிக்கொள்வார்கள், ஷவுகத் கூட்டி வந்தான் என்பதே போதும் என்றேன். நீயும் மறுபேச்சுப் பேசாமல் பையில் வைத்துவிட்டாய். அப்போது உன்னைப் பற்றி எனக்கு எவ்வளவு பெருமை தெரியுமா? நம்ம ஆள், வாய்ப் பேச்சின் மரியாதை தெரிந்தவன் என்று நினைத்தேன். படித்தவன் நீ ஒரு தடவையாவது "வேண்டாம் ஷவுகத், காகிதம் இருந்தால் அவர்களுக்குத்தான் பாதுகாப்பு" என்று சொல்லியிருக்கலாம். எனக்கு அது தெரியாது. உனக்குத் தெரியும்.

வேம்புலியம்மாள் படிவத்தை வாங்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள்.

"இன்னா பாய் இது?"

"நீ பேசினதுக்கு சம்மதம்னு போட்டுக்குது."

"பேசிட்டேனே, அப்பால இன்னா சம்மதம்?"

"டிசம்பர் தேதி போடணும்."

"டிசம்பர்ல இந்தக் காயிதம் வந்திருந்தா நான் பேசியே இருக்க மாட்டேனே" என்றாள். பிறகு என்னை நேராகப் பார்த்துக் கேட்டாள்: "உனுக்கு இது சரின்னு பட்டா சொல்லு பாய், போடறேன். நீ சொல்லு."

வீரா, அவள் இன்னமும் என்னைத்தான் கேட்கிறாள். யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

நீ எழுத வைப்பதாகச் சொல்லும் குறிப்பைக் கம்பெனி மதிக்குமா? மூன்றாம் நம்பரை மதித்தார்களா? அதனால் ஒன்று கேட்கிறேன். சுற்றி வளைக்காமல் எழுது. இந்தப் படிவம் வரவே இல்லை என்றால் என்ன ஆகும்? அறிக்கைக்கு என்ன ஆகும், நோட்டீஸுக்கு என்ன ஆகும், உனக்கு என்ன ஆகும்? மூன்றையும் எழுது. தெரிந்துகொண்டு முடிவு செய்கிறேன்.

ஷவுகத்

*

ஜெனீவா
29 மார்ச் 2025

ஷவுகத்,

இதை எழுதலாமா கூடாதா என்று இரண்டு நாள் யோசித்தேன். உன்னிடம் ஏற்கெனவே ஒன்றை மறைத்துத்தான் இங்கே வந்து நிற்கிறோம். இன்னொரு முறை மறைக்க மாட்டேன்.

படிவம் இல்லை என்றால் எங்கள் விதிப்படி அந்த நேர்காணல்கள் எதுவும் செல்லாது. பக்கம் 41-ஐத் திரும்பப் பெறுவார்கள். அதை எந்த நடவடிக்கைக்கும் பயன்படுத்தக் கூடாது என்று கம்பெனிக்கு எழுத்தில் சொல்லியாக வேண்டும். பணம் வாங்கும்போது போட்ட ஒப்பந்தத்திலேயே அது இருக்கிறது. கம்பெனி கையில் வேறு ஆதாரம் எதுவும் இல்லை என்றுதான் நினைக்கிறேன்.

எனக்கு வேலை போகும். சம்மதம் வாங்காமல் எழுதியவன் என்று பெயரும் வரும். ஐம்பத்திரண்டு வயதில் இந்தத் துறையில் வேறு எவரும் எடுக்க மாட்டார்கள். இந்த நாட்டில் நான் இருப்பதே இந்த வேலையை ஒட்டித்தான். பையன் அஸ்வினுக்கு இன்னும் ஒரு வருடப் படிப்பு பாக்கி. அனுசுயாவிடம் இன்னும் எதுவும் சொல்லவில்லை. பக்கத்து அறையில் ஊருக்குப் போக டிக்கெட் பார்த்துக்கொண்டிருக்கிறாள், கோடை விடுமுறைக்கு.

நீ கேட்டாய், எழுதிவிட்டேன். இதை வேறு யாரிடமும் நான் இப்படிச் சொல்ல மாட்டேன். என்னையும் காப்பாற்றி அவர்களையும் காப்பாற்ற ஒரு வழி இருக்கும் என்று நம்புகிறேன். பதினோரு கையெழுத்தில் அது முடியும். உன் கையில் விடுகிறேன்.

முன்கூட்டியே பெருநாள் வாழ்த்து.

வீரா

*

பூந்தமல்லி
6 ஏப்ரல் 2025

வீரா,

வேறு யார் வழியாகவும் உன் காதுக்கு வரும் முன் நானே சொல்லிவிட வேண்டும்.

உன் மார்ச் 18 கடிதத்தையும் மார்ச் 29 கடிதத்தையும் உன் நிறுவனத்துக்கு அனுப்பிவிட்டேன். அறிக்கையின் பின்னட்டையில், புகார் இருந்தால் எழுதலாம் என்று ஒரு விலாசம் போட்டிருக்கிறீர்கள். அதற்கு. நேற்று காலை பதினோரு மணிக்குப் போய்விட்டது.

படிவத்தை அனுப்பாமல் சும்மா இருந்திருக்கலாமே என்று கேட்பாய். யோசித்தேன். சும்மா இருந்தால் நீ இன்னும் நாள் கேட்பாய். கொடுப்பார்கள். உன் வாய் எனக்குத் தெரியும். ஏப்ரல் 16 தாண்டிவிட்டால் பதினோரு ஷட்டரும் கீழே இறங்கிவிடும். அதற்குப் பிறகு பக்கத்தைத் திரும்பப் பெற்று என்ன பிரயோஜனம்?

ஷாகிதாதான் இங்கிலீஷில் எழுதினாள். முதலில் மாட்டேன் என்றாள். "அத்தா, இது வீரா மாமா உங்களுக்கு எழுதுன லெட்டர். ஊருக்கு எழுதுனது இல்ல" என்றாள். வேம்புலியம்மாள் சொன்னதும் ஊருக்குச் சொன்னது இல்லை என்றேன். லேப்டாப்பை இழுத்து முன்னால் வைத்துக்கொண்டாள். ஒரு வார்த்தை கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது என்றேன். அஸ்வின் படிப்பு, அனுசுயா டிக்கெட் உள்ள வரிகள் வந்தபோது, இதையாவது விட்டுவிடலாமா என்று கேட்டாள். விட்டுவிடு என்றேன். அந்த இடத்தில் புள்ளிகள் வைத்திருக்கிறாள்.

முதல் நாள் படிவத்தை உள்ளே வைக்கச் சொன்னவன் நான்தான் என்று என் பெயரில் ஒரு பக்கம் சேர்த்து எழுதியிருக்கிறேன். உனக்கு அது உதவுமோ என்னவோ.

நல்லது செய்தேன் என்று நான் சொல்லிக்கொள்ளவில்லை. பெருநாளன்று தொழுகை முடித்து வந்து, யாரையும் கட்டிப்பிடிக்கத் தோன்றாமல் சும்மா உட்கார்ந்திருந்தேன். ஜஹானாரா பாயசத்தைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, "அனுப்பணும்னா அனுப்பிடுங்க, மூஞ்சிய இப்படி வச்சுக்காதீங்க" என்றாள். ஒரு பக்கம் நீ. இன்னொரு பக்கம் பதினோரு ஷட்டர். நீ உள்ளே வந்தது என் பின்னால். எனவே கதவை நான்தான் மூட வேண்டும்.

ஷவுகத்

*

ஜெனீவா
19 ஏப்ரல் 2025

ஷவுகத்,

தகவலுக்காக: பக்கம் 41 திரும்பப் பெறப்பட்டது. ஏப்ரல் 14 அன்று கம்பெனிக்கு எழுதிவிட்டார்கள். நான் ராஜினாமா செய்தேன். செய்யச் சொன்னார்கள், செய்தேன். நீ எனக்காக எழுதிய பக்கத்தைக் கூட்டத்தில் உரக்கப் படித்தார்கள். "உள்ளூர் வழிகாட்டியின் பேச்சைக் கேட்டு விதியை மீறினார்" என்று குறிப்பில் சேர்த்துக்கொண்டார்கள். நன்றி.

அந்தப் புள்ளிகளைப் பார்த்தேன். மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த பெண், அங்கே என்ன இருந்தது என்று கேட்டாள். குடும்ப விஷயம் என்றேன்.

நாற்பது வருடத்தில் உன்னிடம் நான் ஒன்றை மறைத்தேன். பிறகு கேட்டாய், தேதி போட்டுச் சொன்னேன். மறுபடி கேட்டாய், என் கழுத்து எங்கே இருக்கிறது என்றுகூடச் சொன்னேன். ஒன்றே ஒன்று தெரிய வேண்டும். மார்ச் 24 அன்று, "படிவம் வரவில்லை என்றால் என்ன ஆகும்" என்று கேட்டாயே. இப்படிச் செய்யப்போகிறாய் என்று தெரிந்துகொண்டுதான் கேட்டாயா?

ஆம், இல்லை என்று மட்டும் எழுதினால் போதும்.

வீரராகவன்

*

பூந்தமல்லி
25 ஏப்ரல் 2025

வீரா,

பதினாறாம் தேதி போனோம். பதினோரு பேரும் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு கம்பெனி வாசலில் நின்றார்கள். வேம்புலியம்மாள் பட்டுப்புடவையில் வந்திருந்தாள், கல்யாண வீட்டுக்கு வந்தது மாதிரி. உள்ளே கூப்பிடவே இல்லை. ஒரு ஆபீசர் வந்து, நோட்டீஸ் வாபஸ் என்று ஆளுக்கொரு தாளைக் கொடுத்தார். "எந்திரம் எப்ப சார் வருது?" என்று வேம்புலியம்மாள் கேட்டாள். இரண்டு வருடம் ஆகும் என்றார். "ரெண்டு வருசம் போதும் சார், என் பொண்ணு கல்யாணத்த முடிச்சிடுவேன்" என்று சிரித்தாள்.

உன் கடிதங்களைக் கொடுத்துத்தான் இதை முடித்தேன் என்று அவர்களிடம் நானே சொன்னேன். பின்னால் தெரிந்தால் அது வேறு மாதிரி ஆகிவிடும் என்று நினைத்தேன். கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னார்கள். துலுக்கானம் கண் கலங்கிவிட்டான்.

போன செவ்வாய்க்கிழமை வழக்கம்போல வண்டியில் போனேன். துலுக்கானம் பட்டறையில் ஒரு லேத் நின்றிருந்தது. முந்நூறு ஸ்லீவ் பாக்கி. வேலையை மூட்டை கட்டி வைத்திருந்தான். நான் வண்டியின் பின்பலகையைத் திறந்தேன். அவன் அந்தப் பக்கம் நின்றிருந்த ஒரு ஷேர் ஆட்டோவைக் கை தட்டிக் கூப்பிட்டு, மூட்டையை அதில் ஏற்றினான்.

"இன்னாடா துலுக்கானம்?" என்றேன்.

"ஒண்ணுமில்ல பாய். நாங்களே எடுத்துகினு போயிடறோம்."

"ஏன், என் வண்டிக்கு இன்னா?"

மூட்டையின் கயிற்றை இழுத்துக் கட்டினான். "நீ எங்களுக்கு செஞ்சத நாங்க மறக்க மாட்டோம் பாய். சத்தியமா. ஆனா ஒண்ணாப் படிச்ச சிநேகிதன் உனுக்கு எய்துன காயிதத்தையே எடுத்துக் குடுத்துட்ட. நாள பின்ன எங்களுக்கு ஒண்ணுன்னா..." என்று நிறுத்திவிட்டான். "தப்பா எடுத்துக்காத பாய். வேஸ்ட்டு ரெண்டு மூட்ட போட்டுட்டுப் போ."

போட்டுவிட்டு வந்தேன். வேம்புலியம்மாளிடமும் அதேதான். டீ கொடுத்தாள், ஊர்க் கதை பேசினாள், வேலையைப் பற்றி ஒரு வார்த்தை வரவில்லை. இன்று வெள்ளி. என் வண்டியில் மூட்டைக்கு அடியில் ஒன்றும் கிடையாது.

அனுசுயாவும் நீயும் ஊருக்கு வந்தால் அயனம்பாக்கத்தில் என் கிடங்கின் மாடி காலியாக இருக்கிறது. இதைச் சொல்ல எனக்கு உரிமை இருக்கிறதா என்று தெரியவில்லை. சொல்லிவிட்டேன்.

உன் கேள்விக்கு வருகிறேன். மார்ச் 3 அன்று எழுத்தில் பேசுவோம் என்று சொன்னபோது என் மனதில் ஒன்றுமில்லை. சத்தியமாக, கோபம் மட்டும்தான். மார்ச் 24 அன்று கேட்டபோது தெரியும். ஆம்.

அதற்கு நீ பதில் எழுத மாட்டாய் என்று நினைத்தேன், வீரா. இவ்வளவு படித்தவன், இதை எழுத்தில் கேட்கிறானே என்று யோசிப்பாய், சுதாரித்துக்கொள்வாய் என்று இருந்தேன். ஐந்து நாள் மெயில் வராதபோது நிம்மதியாகக்கூட இருந்தது.

நீ எழுதிவிட்டாய்.

ஷவுகத்